காரைக்குடிப் பக்கம் 3 அறை ஹோம்ஸ்டே: எந்த மாதம் யாரை வரச் சொல்வது?

இரண்டாங்கட்டு

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து பதினைந்து நிமிஷத் தூரத்தில் எங்கள் ஊர். ஐயா (தாத்தா) காலத்து வீடு. பங்காளிகள் நாலு புள்ளி (குடும்பம்), எல்லோரும் வெளியூர், வெளிநாடு. வருஷத்தில் பத்து நாள் திறப்போம், மீதி நாளெல்லாம் வௌவால் குடித்தனம். மூன்று வருஷத்துக்கு முன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தேன். மற்றவர்கள் சம்மதத்தோடு இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில், மூன்று அறைகளைச் சரிசெய்து ஹோம்ஸ்டே ஆக்கினேன். காலைப் பலகாரம் நானும், சமையலுக்கு வரும் அக்காவும் செய்கிறோம். மதியச் சாப்பாடு முதல் நாளே சொன்னால் உண்டு.

கார்த்திகை முதல் மாசி வரை கவலையில்லை, ஆட்கள் வருகிறார்கள். மீதி மாதங்களில் வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது என்பதுதான் பிரச்சினை. போன வைகாசியில் புனேயிலிருந்து ஒரு தம்பதி. பையை இறக்கி வைத்ததும் அந்தப் பெண் கேட்டது, “இன்றைக்கு இங்கே என்ன திருவிழா?” எங்கேயோ ‘திருவிழா நகரம்’ என்று படித்துவிட்டு வந்திருக்கிறார். வெயில்தான் திருவிழா என்று சொல்லி மோர் கொடுத்தேன். சிரித்தார், ஆனால் முகம் விழுந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஆனியில் எங்கள் வீட்டுப் படைப்பு. பங்காளிகள் அத்தனை பேரும் வந்து முன்னோருக்குத் துணி வைத்து, இலை போட்டுப் படைக்கிற நாள். அன்றைக்கு வீட்டில் வெளியாள் தங்க முடியாது. ஆன்லைனில் அந்தத் தேதியை அடைக்க மறந்துவிட்டேன், இரண்டு பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் புரிந்துகொண்டார்கள். முன்பதிவுத் தளம்தான் புரிந்துகொள்ளவில்லை. நான் ‘ரத்து செய்கிற ஆள்’ என்று பட்டியலில் கீழே தள்ளி, அபராதமும் பிடித்துக்கொண்டார்கள். படைப்பு என்றால் என்ன என்று அவர்களுடைய படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதனால் ஒவ்வொரு அறையிலும் ஒரு தாள் வைக்கலாம் என்று பார்க்கிறேன். எந்த மாதம் சுற்றுவட்டாரத்தில் என்ன நடக்கும், எங்கே விருந்தாளி போகலாம், எங்கே போகவேண்டாம். இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லவன்_பயணி

வெளியாள் பார்வையில் சொல்கிறேன். எழும்பூரில் மதியத்துக்கு மேல் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராத்திரி காரைக்குடி. இப்படி மூன்று தடவை வந்திருக்கிறேன். முதல் தடவை ஒரே நாளில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் கோட்டை என்று ஐந்து இடம். ராத்திரி படுக்கும்போது எந்தத் தூண் எந்த ஊர் என்றே தெரியவில்லை.

மூன்றாவது தடவை எங்கேயும் போகவில்லை. தங்கிய வீட்டு முகப்பில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை, உங்களுக்குத் தெரியாததில்லை. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசற்படியில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில் மத்தியானக் காற்று வந்ததை அனுபவித்ததுதான் எனக்கு அந்தப் பயணம்.

வெயில் மாதத்தில் வருகிறவர்களிடம் வீட்டையே காட்டுங்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிய சுவர், மே மாதத்திலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. மத்திய சுற்றுலாத் துறையின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிந்திருக்கிறீர்களா? 6 அறை, 12 படுக்கைதான் உச்சவரம்பு, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்றவேண்டும் (சி படிவம் என்பார்கள்), அதை மறந்துவிடாதீர்கள்.

திருப்பத்தூர்_டிரைவர்

ஆச்சி வணக்கம். இந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஆவணி. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் பத்து நாள் விழா. ஒன்பதாம் நாள் தேர், அன்றைக்குத்தான் மூலவருக்குச் சந்தனக்காப்பு, வருஷத்தில் ஒரே தடவை. சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. அந்த இரண்டு நாளும் வண்டி கோயில் பக்கத்திலேயே போகாது. தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். வயதானவர்களை அழைத்துவந்துவிட்டு என்னிடம் சத்தம் போடுகிறார்கள், நான் என்ன செய்ய? கூட்டம் பிடிக்காதவர்கள் மூன்றாம் நாள், நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு வரட்டும். குடைவரைக்குள்ளே அந்த ஆறடிப் பிள்ளையாரை, இரண்டே கை, வலம்புரித் தும்பிக்கை, நிதானமாக நின்று பார்க்கலாம்.

ஆத்தங்குடிக்கும் காலையிலேயே அனுப்புங்கள். முடிந்துபோன தளக்கல்லைப் பார்ப்பதில் ஒன்றுமில்லை, ஊற்றுவதைப் பார்க்கவேண்டும். கீழே ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலைப்பாட்டு அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம், அங்கே வேலை செய்யும் பாட்டா சின்னக் கரண்டியால் ஊற்றுவார். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டால் நிறம் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, கலவை போட்டு வழித்துவிட்டு, அப்படியே தண்ணீர்த் தொட்டிக்கு. சூளையே கிடையாது. பளபளப்பு எல்லாம் அந்தக் கண்ணாடியில் இருந்து வருவது. ஒரு பெங்களூர்ப் பையன் அச்சைத் தூக்கும் அந்த ஒரு நிமிஷத்தைப் பதினாலு தடவை வீடியோ எடுத்தான். பாட்டா கடைசியில், “தம்பி, நீயே ஒண்ணு போடு” என்று கரண்டியைக் கொடுத்துவிட்டார்.

கண்மாய்க்கரை

தீபாவளியை யாரும் சொல்லவில்லையே! கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் உங்களுக்கு எட்டுகிற தூரம்தானே. 1977-இல் சரணாலயம் ஆன இடம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று கருவேல மரமெல்லாம் கூடு. அந்த நேரம் பார்த்துத் தீபாவளியும் வரும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் பட்டாசே வெடிப்பதில்லை. பிள்ளைகளும் வெடிப்பதில்லை. வனத்துறையினர் அன்றைக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தீபாவளிச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிற நகரத்துக்காரர்கள் எத்தனை பேர்! நாய் வளர்ப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். அவர்களை வரச்சொல்லுங்கள். தீபாவளி காலை எட்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் நின்றால் நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம் கேட்கும்.

ஒரு வேண்டுகோள், ட்ரோன் வேண்டாம். போன வருஷம் ஒருத்தர் பறக்கவிட்டு, கூட்டிலிருந்த பறவை அத்தனையும் எழும்பிவிட்டது. ஊர்ப் பெரியவர் வந்து கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

வாடிவாசல்_வேண்டாம்

தை 3, சிராவயல். இதை விட்டுவிட்டு என்ன பட்டியல்?

நிறையப் பேர் ஜல்லிக்கட்டும் மஞ்சுவிரட்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல், இரண்டு பக்கம் தடுப்பு, பின்னால் மேடை. மஞ்சுவிரட்டு பொட்டலில் நடப்பது. தொழுவிலிருந்து விடுகிற மாடு ஒரு பக்கம், ஆங்காங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடு ஒரு பக்கம். எந்தத் திசையிலிருந்து வரும் என்று அதற்கே தெரியாது. பார்க்கப் போனவன், பிடிக்கப் போனவன் என்று மாட்டுக்கு வித்தியாசமும் கிடையாது. வருஷா வருஷம் காயம் படுவோரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் என்பது நான் கண்ணால் பார்த்த கணக்கு.

நான் மாடு பிடித்தவன். இடது தோளில் அதற்கு அடையாளம் இருக்கிறது. ஆச்சி, உங்கள் விருந்தாளிகளைப் பொட்டலில் இறக்கிவிடாதீர்கள். மேடை போட்டிருந்தால் மேடை, இல்லையென்றால் யாராவது தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி. சிவப்புச் சட்டை போடாதே என்பதெல்லாம் சும்மா. ஓடத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. சிராவயல் என்றால் மாடு மட்டும் இல்லை. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் இளம் வயதில் ஆசிரமம் நடத்திய ஊர் அது. 1927-இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். மாட்டுக்குப் பயந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி அழைத்துப் போகலாம், மற்ற 364 நாளில்.

பழம்பெருமை_போதும்

எல்லோரும் சுற்றுலாக் கையேடு மாதிரி எழுதுகிறீர்கள். கொஞ்சம் உண்மையும் பேசுவோம்.

இந்த வீடுகள் பர்மா, மலேயா, சைகோன் வட்டிக்கடைக் காசில் எழுந்தவை. 1930-களின் மந்தம், அப்புறம் 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தது, எல்லாம் சேர்ந்து அந்தத் தொழிலை முறித்தன. அதற்குப் பிறகு வீட்டைக் கட்டிக் காக்க வருமானம் இல்லை. கதவு, நிலை, தூண், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் சாடி என்று ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனது. இன்றைக்கு டில்லியில் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறது எங்கள் பெரியப்பா வீட்டு நிலை. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஒரு வீட்டின் ஒழுக்காவது நின்றதா?

திருவிழாவையும் இப்படி ‘அனுபவம்’ என்று விலை போட்டு விற்க ஆரம்பித்தால் நிலைக்கதவு போன வழியில் அதுவும் போகும். படைப்புக்கு நீங்கள் அபராதம் கட்டியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அடுத்த வருஷம் அந்தத் தளமே, “படைப்பையும் பேக்கேஜில் சேர்க்கலாமே” என்று கேட்கும் பாருங்கள்.

இரண்டாங்கட்டு

எல்லோருக்கும் நன்றி.

பழம்பெருமை அண்ணன், நீங்கள் சொல்வது எனக்கும் உறைக்கிறது. ஆனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். போன வருஷம் மட்டும் ஓடு மாற்றவும், வளவில் சாய்ந்த ஒரு மரத்தூணுக்கு முட்டுக்கொடுக்கவும் ஆன செலவில் முக்கால்வாசி இந்த மூன்று அறை வாடகையில்தான் வந்தது. பங்காளிகளிடம் கேட்டால், “பார்த்துச் செய்” என்பார்கள். கோபத்தில் சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. இந்த அறைகள் இல்லையென்றால் அந்தத் தூணும் உங்கள் பெரியப்பா வீட்டு நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கும்.

படைப்பைப் பேக்கேஜில் சேர்ப்பதாக இல்லை. அன்றைக்கு மூன்று அறையும் மூடல். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பல்லவன் தம்பி, பதிவு செய்தாயிற்று. சி படிவத்தில் ஒருமுறை தவறு செய்து போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டு வந்தாயிற்று!

காலைப் பலகாரத்தை யாரும் கேட்கவில்லையே. நானே சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாதம் மாறினால் தட்டும் மாறும். ஆடியில் கும்மாயம், மழைக்காலத்தில் மசாலா சீயம், தையில் கவுனி அரிசி. ஆனால் எந்த மாதம் வந்தாலும் முதல் நாள் காலை வெள்ளைப் பணியாரம். ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே ஆழாக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் மட்டும் கொட்டவேண்டும். அந்தக் கோபுரம்தான் அளவு. சேர்த்து ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை சீனி, உப்பு. ஒரே கரண்டி மாவை எண்ணெயின் நடுவில் விட்டால் அதுவே வட்டமாக உப்பி, ஓரம் பூப்போல விரியும். சிவக்கவிடக்கூடாது, சிவந்தால் பெயரே தப்பு. தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. அந்தப் புனே பெண்ணுக்கு அன்றைக்கு முகம் மலர்ந்தது இதைப் பார்த்துத்தான். எட்டு சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, அவர் கணவர் எண்ணினார்.

ஈப்போ_பேத்தி

ஆச்சி, மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் ஐயா பள்ளத்தூர். நான் ஊருக்கு வந்தது வாழ்க்கையில் நாலே தடவை, நாலும் மார்கழியில்.

பிள்ளையார் நோன்பு பற்றி யாருமே சொல்லவில்லை. தெரியாதவர்களுக்காக: திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிவர வேண்டும், சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள். கோடி (புது) வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூல் எடுத்துவைத்து, 21 நூலையும் திரியாகத் திரிப்பார்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவை இழைமாவு என்போம். அதில் திரியை வைத்துச் சுடர் ஏற்றி, வீட்டுக்குப் பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையுண்டாகி இருப்பவர்களுக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இன்னோர் இழை. கப்பலில் போனவர்கள் புயலில் மாட்டிக்கொண்டு, நாள் தெரியவேண்டும் என்று வேட்டியில் தினம் ஒரு நூல் உருவி வைத்தார்கள், 21-ஆம் நாள் கரை கண்டது என்று ஐயா கதை சொல்வார்.

இங்கே நாங்கள் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடிச் செய்கிறோம். அப்புறம் உப்புப் பொட்டலத்தை ஏலம் விடுகிற உப்பு ஏலம், கலகலவென்று இருக்கும். என் சீனத் தோழி வருஷா வருஷம் வருகிறாள். ஓரமாக உட்கார்ந்து பொரி சாப்பிடுவாள். இழை எடுத்ததில்லை, எடுக்கிறேன் என்று கேட்டதுமில்லை. யாரும் அவளை வெளியே போகச் சொன்னதும் இல்லை. அதனால் விருந்தாளிகள் இருந்தால் தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

பழம்பெருமை_போதும்

தோழி வேறு, அறை வாடகை கட்டி வருகிறவர் வேறு, அம்மா. வாடகை கட்டினவர் மனசில், “நான் காசு கொடுத்திருக்கிறேன், முன்னால் நின்று படமெடுப்பேன்” என்று இருக்கும்.

பல்லவன்_பயணி

அப்படியே எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் சார். நானும் வாடகை கட்டித் தங்கியவன்தான். கோயிலில் செருப்பைக் கழற்று என்றால் கழற்றுகிறோம், போனை வைத்துவிடு என்றால் வைத்துவிட மாட்டோமா? சொல்லுகிற விதத்தில் இருக்கிறது. முன்பதிவின்போதே ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிடிக்காதவர் வேறு தேதி பார்த்துக்கொள்வார்.

திருப்பத்தூர்_டிரைவர்

சண்டை போடாதீர்கள். இன்னும் பாக்கி இருக்கிறது.

செவ்வாய்ப் பொங்கல். தைப் பொங்கல் முடிந்து வருகிற செவ்வாய், நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாள் கோயில் வாசலில். குடவோலை எடுத்து, பெயர் வந்த வரிசையில் அடுப்பு. எத்தனை நூறு பானை, ஒரே நேரத்தில் புகை! கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள், ஆனாலும் யாரும் நகரமாட்டார்கள். அங்கேயே கம்பர் சமாதியும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ராமாயணம் படித்தவர் யாராவது வண்டியில் இருந்தால் சொல்லாமலே அங்கே நிறுத்துவேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடிப் பக்கம் போனால் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடிகளைப் பார்க்கலாம். போவது மட்டுமில்லை, திரும்பி வருவதும் நடைதான். அந்தக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டு ஹாரன் அடிக்கிற டிரைவரை நான் டிரைவர் என்றே சொல்லமாட்டேன்.

மாசி-பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம். சித்திரை, வைகாசி வெயிலில் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழா, தேர். ஆச்சி, புனேக்காரர் வந்தபோது இது உங்கள் நினைவுக்கு வரவில்லையா? ஒருவேளை முடிந்திருக்கும். வைகாசி, ஆனி, ஆடியில் கிராமங்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு. மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் செய்த மண்குதிரையை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகும். இதற்குத் தேதி கேட்டால் யாரிடமும் இருக்காது. பிடிமண் (குதிரை செய்யச் சொல்லி வேளாருக்குக் கொடுக்கும் மண்) கொடுத்தாயிற்று, குதிரை காய்ந்தாயிற்று, ஊர்க்கூட்டத்தில் சண்டை தீர்ந்தாயிற்று என்றால் அந்த வாரம் எடுப்பார்கள்.

இரண்டாங்கட்டு

தம்பி, மானத்தை வாங்குகிறீர்கள். கொப்புடையம்மன் தேர் அதற்கு முந்தின வாரம் முடிந்திருந்தது!

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு இத்தனை நாள் சிக்கல் என்று இப்போது புரிகிறது. விருந்தாளிகள் மூன்று மாதம் முன்னால் விமான டிக்கெட் எடுக்கிறார்கள். இங்கே தேதியைத் திதியும் நட்சத்திரமும் முடிவுசெய்யும், சில சமயம் மழை, சில சமயம் ஊர்க்கூட்டம். அச்சடித்த தாளில் இதை அடக்க முடியாது. தாள் யோசனையை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் அடுப்படிக்குப் போகும் வழியில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் படிக்கும்போது வாங்கியது, பரணில் கிடந்தது. இந்த வாரம் என்ன என்று மட்டும் சாக்பீஸில் எழுதுகிறேன். நேற்று எழுதியது: “செட்டிநாடு ஸ்டேஷன் வரை சாயங்காலம் நடக்கலாம். கோயில் ஊருணியில் தண்ணீர் வந்திருக்கிறது. நாளைக்குக் கறிவேப்பிலைக் குழம்பு.” ஒரு ஜெர்மன்காரர் அதைப் படமெடுத்து அவர் மகளுக்கு அனுப்பினார். ஊருணியில் தண்ணீர் வருவதும் செய்திதானே.

முன்பதிவு செய்கிறவர்களுக்கு நான் அனுப்பும் குறிப்பில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். படைப்பு நாளில் வீடு கிடையாது. நோன்பு நாளில் வீடு உண்டு, போன் கிடையாது, பட்டாலையில் (உயர்ந்த கூடம்) உட்கார்ந்து பார்க்கலாம்.

கண்மாய்க்கரை

ஒரு திருத்தம் ஆச்சி. தீபாவளிக்குப் பறவை பார்க்க என்று பலகையில் எழுதும்முன் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மழை தள்ளிப்போனால் கண்மாய் வெறும் கட்டாந்தரை. போன தடவை நம்பி வந்த ஒரு குடும்பம் ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போனது.

ஈப்போ_பேத்தி

அந்தக் கரும்பலகையைப் படம் எடுத்துப் போடுங்களேன். எந்த வாரமானாலும் பரவாயில்லை.

இரண்டாங்கட்டு

(நாலு மாதம் கழித்து)

இந்தப் பழைய விவாத இழையைத் தூசி தட்டுவதற்கு மன்னிக்கவும். தை பிறந்துவிட்டது, இப்போதுதான் மூச்சுவிட நேரம்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம், கூடவே பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் ஒரு லாப்ரடார். கண்மாய்க்கரை சாரைக் கேட்டுத்தான் அனுப்பினேன். தண்ணீர் இருந்தது, பறவையும் இருந்தது. நாய் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டது.

நோன்புக்கு யார் வந்தார்கள் தெரியுமா? அதே புனே தம்பதி. அந்தப் பெண்தான் எழுதியிருந்தார், “இந்தத் தடவை திருவிழா உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறேன்.” குறிப்பை அனுப்பினேன். போனை அறையிலேயே வைத்துவிட்டு, பட்டாலைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பங்காளிகள் பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். பெரிய அண்ணன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு இழை கொடுத்தார். சின்னவன் மகன், நாலு வயது, சுடரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். திறக்கவே இல்லை. கடைசியில் அவன் அம்மா சுடரை ஊதி அணைத்து ஊட்டினாள். பெரியவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். புனேப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பழம்பெருமை அண்ணன் சொன்னது என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் எழுந்து முன்னால் வருவார்களோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. நெல்பொரி, அவல்பொரி, கடலைப்பொரி எல்லாம் கலந்து ஒரு தட்டில் கொடுத்தோம், இருட்டில் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் உப்பு ஏலம். எங்கள் வீட்டில் முதல் பொட்டலத்தைப் பங்காளிகளுக்குள்தான் கேட்போம். இரண்டாவது பொட்டலத்துக்கு அண்ணன், “யார் வேண்டுமானாலும் கேட்கலாம்” என்றார். பழக்கத்தில் சொன்னதுதான், யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. தூண் பக்கத்திலிருந்து புனேக்காரர், “ஐந்நூற்று ஒன்று” என்றார். சிங்கப்பூர்த் தம்பி ஆயிரத்து ஒன்றுக்கு ஏற்றினான். அந்தப் பெண் எழுந்து நின்று, “ஆயிரத்து நூற்று ஒன்று.” தமிழில்! சமையலக்காவிடம் முந்தின நாள் கேட்டுப் பழகியிருக்கிறார்.

பணத்தை எடுத்து நீட்டினார்கள். அண்ணன் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஏலப் பணத்தை அடுத்த வருஷ நோன்பன்று வந்துதான் கட்டவேண்டும், முன்கூட்டியே வாங்குகிற பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய அறையை அடுத்த மார்கழிக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எந்தத் தளமும் இல்லாமல்.

திருப்பத்தூர்_டிரைவர்

சந்தோஷம் ஆச்சி. ஸ்டேஷனில் இருந்து அழைத்துவர நான் வருகிறேன். தேதி மட்டும் சொல்லுங்கள், இப்போதே டைரியில் எழுதிவிடுகிறேன்.

இரண்டாங்கட்டு

திருக்கார்த்திகை வரட்டும் தம்பி, அன்றையிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.